எழுபதுக்கு எழுபது

"பேசாதே, பேசாதே! எச்சில் தெறிக்கும்!"

ஹெலன் இன்னும் வாயே திறக்கவில்லை. காப்பி டம்ளரோடு கூடத்துக்குள் ஒரு காலைத்தான் வைத்திருந்தாள்.

"டப்பாக்குள்ள இருக்கறதுமேல எச்சில் எப்பிடிங்க தெறிக்கும்?"

"டப்பாமேல தெறிக்குமில்ல? உனக்கு இதெல்லாம் புரியாது."

காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து இது நாலாவது 'புரியாது'. ஹெலன் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். சாப்பாட்டு மேஜையில் இடமில்லை. ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் எடுக்கிற வெள்ளை விரிப்பை விரித்து, அதன்மேல் டப்பாக்களை வரிசையாக அடுக்கியிருந்தான் அவள் புருஷன் இன்பராஜ். இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறை. கல்யாண பேண்டு செட்டில் ஜால்ரா தட்டுகிறவன், ஊர்வலத்தைத் தவறவிட்டு வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

போன வாரம் வரைக்கும் அந்த டப்பாக்கள் இந்த உலகத்தில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பீரோவின் உள்ளறையில் பேங்க் டெபாசிட் ரசீதைத் தேடப் போனாள். மூன்று வருஷத்துக்கு முன் தன் பி.எஃப்.-இலிருந்து எடுத்துக் கொடுத்த பணம். பேங்கில் பத்திரமாக இருக்கிறது என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தான். ரசீது இல்லை. டப்பாக்கள்தான் இருந்தன.

ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு வெளிநாட்டு வெள்ளி நாணயம். ஒரு பக்கம் ராணி, மறு பக்கம் ஒரு மரத்து இலை. தட்டையான கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் அடைத்து, நெற்றியில் ஒரு சீட்டு. சீட்டில் மார்க். எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எழுபதுக்கு எழுபது போட்டு அனுப்பியிருந்தார். குறை என்று ஒரு கீறல்கூட இல்லை என்று அர்த்தமாம்.

அவள் கத்த வாய் திறப்பதற்குள் அவன் செல்போனை நீட்டினான். வெள்ளி விலை ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு ஏறியிருந்தது. திருடிக்கொண்டு போனவன் திரும்பி வந்து பரிசு கேட்கிற முகம் அவனுக்கு.

"ஞாயித்துக்கிழமை வேலூர்லேர்ந்து நாணய வியாபாரி உமர் ஃபாரூக் பாய் வர்றாரு. எல்லாத்தையும் வித்துத் தர்றேன். உன் ஷெட்டுக்கு அட்வான்ஸ் கட்டு. போதுமா?" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஹெலன் ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஷெட் அவளுக்கு அப்படி. இருபத்தாறு வருஷமாகத் தோல் ஃபேக்டரியில் செலக்‌ஷன் மேஜை முன்னால் நிற்கிறவள். மேஜையில் விழுகிற ஒவ்வொரு தோலையும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று பிரிப்பதுதான் வேலை. பேரணாம்பட்டு ரோட்டில் ஷஹீன் பானுவின் ஷெட் காலியாகக் கிடந்தது. ஆறு தையல் மெஷின் போட்டு, ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கலாம். ஆர்டர் தர ஆள் தயார். தைக்க நாலு பெண்கள் தயார். அட்வான்ஸ்தான் பாக்கி. 'ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மக்ரிப் பாங்கு வரைக்கும் வெச்சிருப்பேன் ஹெலன். அதுக்கு மேல கேக்காதே' என்று ஷஹீன் பானு சொல்லியிருந்தாள்.

வாசலில் பைக் நின்றது. பிரியாணிப் பொட்டலத்தோடு ஜான்சன் வந்தான், ஹெலனின் தம்பி.

"மாமா, மணி பத்துதான் ஆவுது, அதுக்குள்ள ரெடியா? மாமாவோட பங்ச்சுவாலிட்டியே தனி!"

ஹெலன் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். போன மாசம் வரைக்கும் இவன் வாயில் 'மாமா' வந்ததே கிடையாது. ஃபேக்டரியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசராக இருந்து, முன்கூட்டியே ரிட்டயர்மெண்ட் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த இன்பராஜுக்கு இவன் வைத்திருந்த பெயர் 'ஃபுல் டைம் டி.வி.'. விலை ஏறியதும் டி.வி. மாமாவாகிவிட்டது.

"ஆம்பூர்ல ஒருத்தனுக்காவது எழுபதுன்னா இன்னான்னு தெரியுமா மாமா?"

"அறுபத்தொம்போதைக்கூட நான் கையால தொடமாட்டேன் மச்சான். அது கழிசல். நகைக்கடையில கொலுசு வாங்கி வெள்ளின்னு நெனச்சிக்கற ஜனம் இது. இதோ, உங்கக்காவே போட்டிருக்கா பாரு. பாதி செம்பு."

"பாவம், அக்காவுக்கு இன்னா தெரியும்?"

"ஜான்சா, நீ பத்தாவதுல கணக்குல எத்தினி மார்க்குடா?" என்று கேட்டாள் ஹெலன்.

"அது எதுக்குக்கா இப்போ?"

"முப்பத்தஞ்சு. அதுவும் வாத்தியார் பாவம் பாத்துப் போட்டது. அறுபத்தொம்போதே கழிசலாம், மாமா சொல்றாரு. கேட்டுக்க."

ஜான்சன் பிரியாணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனான்.

உமர் ஃபாரூக் சொன்னபடி மூன்று மணிக்கு வந்தார்; அதுவரை பிரியாணியைப் பிரிக்க இன்பராஜ் யாரையும் விடவில்லை. அறுபதை ஒட்டிய வயது, தேய்ந்த தோல்பை, மூக்கில் கைக்குட்டை.

"ஒரு வாரமா ஜலதோஷம் சார். தப்பா நெனச்சிக்காதீங்க."

"கையுறை போட்டுக்கங்க பாய்."

"டப்பாவுக்கா?"

ஹெலனுக்கு அந்த மனுஷனை உடனே பிடித்துவிட்டது.

அவர் எண்ணிப் பார்த்தார். "இருபதுன்னு சொன்னீங்க. பத்தொம்போதுதான் இருக்கு."

"ஒண்ணு லாக்கர்ல இருக்கு பாய்."

எந்த லாக்கர்? பேங்கில் அவர்களுக்கு லாக்கர் கிடையாது. ஹெலன் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தான். ஜான்சன் செல்போனுக்குள் தலையை விட்டிருந்தான்.

உமர் ஃபாரூக் ஒவ்வொரு டப்பாவையும் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். ஆறு டப்பாக்கள் தனியாக ஒதுங்கின.

"இதுல பால் புள்ளி வந்துருச்சு சார்."

"எதுல? எங்க?"

"ராணி கன்னத்துல பாருங்க. பால் தெறிச்ச மாதிரி."

"எழுபதுன்னு போட்டிருக்கு!"

"போட்டப்ப இருந்திருக்காது. செய்யும்போது சரியாக் கழுவாம உள்ள தங்கினது, வருஷம் கழிச்சு மேல வரும். நல்ல நல்ல காசுக்கெல்லாம் வருது. வாங்கினவன் பொறுப்பு, மார்க் போட்டவன் பொறுப்பில்ல."

ஹெலன் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. இதைப் பார்க்கவா கடல் கடந்து ஆள் வைத்திருக்கிறார்கள்? பதப்படுத்தி, பாலிஷ் போட்டு, ஃபர்ஸ்ட் என்று முத்திரை குத்திய தோல்கூட மூன்று மாதம் கிடங்கில் கிடந்தால் சிலசமயம் இப்படித்தான். உள்ளே தங்கிய உப்போ கொழுப்போ வெள்ளையாக மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"பூத்துடுச்சு," என்றாள்.

இன்பராஜின் முகம் வெளுத்தது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு வெளுப்பானேன் என்று அவள் யோசித்தாள்.

உமர் ஃபாரூக் மீதிப் பதின்மூன்றையும் ஒரு பக்கமாக நகர்த்தினார். கால்குலேட்டரைத் தட்டி ஒரு தொகை சொன்னார். ஷெட் அட்வான்ஸுக்கு மேலேயே வந்தது. முதல் மெஷினையும் வாங்கிவிடலாம். ஹெலன் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நன்றி சொல்லத் தோன்றி, அதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல், ஒரு டப்பாவை வெறும் கையால் எடுத்தாள்.

"தொடாதே!" என்று கத்தினான் இன்பராஜ்.

அந்தக் கத்தலில் அவள் இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கிட்டத்தில் போனதும் மூக்கு சொல்லிவிட்டது.

சொல்யூஷன். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பசை. ஆம்பூரில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த வாசனை.

அவள் டப்பாவின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாள். ஒரு ஓரத்தில் மயிரிழை மேடு. பிரித்து ஒட்டியது. உள்ளே இருந்த ராணி, புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளத்தாள்.

ஃபேக்டரியில் தோல் பூத்தால் டெஸ்பாட்சில் ஒரு வைத்தியம் உண்டு. தின்னர் தொட்ட துணியால் ஒரு துடை. பழைய பனியனால் ஒரு தேய். பெட்டியில் போட்டு அனுப்பு. இருபது வருஷம் அந்த வைத்தியம் செய்து சம்பளம் வாங்கியவன், உலகத்திலேயே தொடக்கூடாத சாமானுக்கும் அதையே செய்திருக்கிறான். செய்துவிட்டு ஒட்டியும் வைத்திருக்கிறான். கையுறை எதற்கென்று இப்போது புரிந்தது. விரலெல்லாம் பசை.

மேஜைக்கடியில் அவள் காலை ஒரு கால் மிதித்தது. அழுத்தி மிதித்தது.

உமர் ஃபாரூக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினார். "அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்கம்மா. இப்பவே அனுப்பிடறேன்."

சொல்லிவிட்டால் போதும். இந்த மூக்குக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. மக்ரிபுக்குள் ஷெட் கையில். ஹெலன் அந்த மிதிக்கிற காலை நினைத்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால், இனி ஆயுசுக்கும் இந்தக் காலுக்கடியில் தன் கால் இருக்கும். ஷெட்டில் முதல் தையல் போடும்போதும் இந்தப் பசை நாறும்.

"பாய், அந்தப் போனைக் கீழ வைங்க."

"இன்னாம்மா?"

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். உட்கார்ந்துகொண்டு அவளுக்குச் செலக்‌ஷன் வராது. பதின்மூன்று டப்பாவையும் தன் பக்கம் இழுத்தாள். ஒன்றை எடுத்தாள், முகர்ந்தாள், விளிம்பைத் தடவினாள், தள்ளினாள்.

"ஃபர்ஸ்ட். ஃபர்ஸ்ட். ரிஜெக்ட். ஃபர்ஸ்ட்."

"ஏய்! இன்னா பண்றே நீ? பாய், அவளுக்கு இதெல்லாம் புரியாது!"

"வெள்ளி புரியாதுங்க. பசை புரியும். ரிஜெக்ட். ஃபர்ஸ்ட்."

எட்டு ஒரு பக்கம், ஐந்து ஒரு பக்கம் நின்றன. உமர் ஃபாரூக் அந்த ஐந்தில் ஒன்றை எடுத்து ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். டப்பா வாய் பிளந்துகொண்டது. நாணயத்தை விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேச்சிருக்கீங்க சார்."

"தேய்க்கல பாய். துடைச்சேன்."

"எதால?"

இன்பராஜ் கையுறையைச் சரிசெய்தான்.

"தின்னரும் பனியனும் பாய்," என்றாள் ஹெலன். "டெஸ்பாட்ச் வழக்கம்."

ஜான்சனுக்குச் சிரிப்பு பீறிட்டது. இருமலாக மாற்றப் பார்த்தான், முடியவில்லை.

உமர் ஃபாரூக் கோபப்படவில்லை. அதுதான் இன்பராஜுக்கு இன்னும் கேவலமாக இருந்திருக்கும். "எட்டுக்கு நான் சொன்ன விலை சார். புள்ளி விழுந்தது, தேய்ச்சது எல்லாம் எடைக்குத்தான்."

"எடைக்கா? இது இன்னா, பழைய பேப்பரா? இது கலெக்‌ஷன்! ஒண்ணுகூடக் கிடையாது பாய், எடுத்து வைங்க. எழுபதோட அருமை தெரிஞ்சவன் வருவான்."

"தராசை எடுங்க பாய்," என்றாள் ஹெலன்.

"என்னைக் கேக்காம ஒரு காசு இந்த வூட்டை விட்டுப் போவாது!"

"யாரு காசு?"

"வாங்கினது நான்! இது ஏறும்னு கண்டுபிடிச்சது நான்!"

"நீ கண்டுபிடிச்சே? வெள்ளிக்குக் குடுத்ததுக்கு ரெண்டு பங்கு அந்தப் பிளாஸ்டிக்குக்குக் குடுத்திருக்கே. வெள்ளி தானா ஏறிச்சு, நீ தப்பிச்சே. உன்னால ஒண்ணும் ஏறல."

 முப்பது வருஷக் குடித்தனத்தில் எத்தனையோ சண்டைக்கும் விழாத 'ங்க' விழுந்துவிட்டது. விழுந்ததை எடுக்க ஹெலன் குனியவில்லை.

இன்பராஜ் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

உமர் ஃபாரூக் ஆறும் ஐந்துமாகப் பதினோரு நாணயங்களையும் டப்பாவிலிருந்து எடுத்துத் தராசில் போட்டார். எழுபதும் எழுபதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, சாதாரண வெள்ளியாகச் சத்தம் போட்டன. எட்டுக்கு ஒரு விலை, மீதிக்கு எடை என்று மொத்தமாகப் போட்டதும், ஷெட் அட்வான்ஸுக்குச் சரியாக வந்தது. மெஷினுக்கு இல்லை. பரவாயில்லை.

"டப்பாங்களை இன்னாம்மா பண்றது?"

"இங்கியே வைங்க. அவரு வெச்சிக்கட்டும். மேல எழுபதுன்னு போட்டிருக்கில்ல?"

அவரை வாசல்வரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், ஜான்சனைக் காணோம். பைக்கும் இல்லை. பிரியாணிப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. சாப்பாட்டை விட்டுவிட்டு ஜான்சன் ஒரு வீட்டை விட்டுப் போனான் என்றால், அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்க நேரமில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து, பேரணாம்பட்டு ரோட்டில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது.

ஹெலன் 'ஆபா' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிற ஷஹீன் பானு ஷெட்டிலேயே இருந்தாள். புருஷன் இருந்தவரை அவர் நடத்திய இடம். அவருடைய வேலை மேஜையும், தோல் மடிப்பைத் தட்டுகிற சுத்தியும் இன்னும் அப்படியே கிடந்தன.

"வா ஹெலன். இன்னா இப்பிடி வேர்த்து ஊத்துது?"

"பணம் வந்துருச்சு ஆபா. நம்பர் சொல்லுங்க, போட்டுடறேன்."

"எத்தினி அட்வான்ஸ்தான் குடுப்பீங்க? நேத்தே குடுத்தாச்சே."

"யாரு?"

"உன் வூட்டுக்காரரு. ஹெலன்தான் அனுப்பிச்சான்னாரு."

ஷஹீன் பானு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கைக்குட்டை மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். இருபதாவது டப்பா.

"பணமாக் குடுங்கன்னு கேட்டேன். இது பணத்துக்கே அப்பன்னாரு. பதினஞ்சு நாள்ல மீட்டுக்கறாராம். அதுவரைக்கும் வெயில் படக்கூடாதாம், கற்பூர உருண்டை பக்கத்துல வைக்கக் கூடாதாம், கிட்டப் போய் மூச்சு விடக்கூடாதாம். இது காசா, ஏழு மாசத்துல பொறந்த குழந்தையா? ஒரே பேஜாரு."

ஹெலன் டப்பாவை எடுத்து முகர்ந்தாள். பசை இல்லை. விளிம்பைத் தடவினாள். மேடு இல்லை. ராணி கன்னத்தில் ஒரு புள்ளி இல்லை. இருப்பதிலேயே தலையான ஒன்றைத் தனியாக எடுத்து, அவளுக்கு விற்றுத் தருகிறேன் என்று சொன்ன வாயாலேயே, அவள் ஷெட்டுக்குக் குறுக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

"எழுதிக் குடுத்தாரா ஆபா?"

"அதுவும்தான். பத்து தடவை படிச்சுக் காட்டினாரு."

இன்பராஜின் முத்து முத்தான கையெழுத்து. ஷெட், வெள்ளி நாணய வணிகம் செய்வதற்காக, இன்பராஜ் பெயரில். அவள் பெயர் எங்கேயும் இல்லை. அதற்குக் கீழே தனியாகக் கோடு போட்டு ஒரு வரி: 'மேற்படி நாணயத்தின் பெட்டி திறக்கப்படாமலும் சேதமடையாமலும் உள்ளவரை மட்டுமே இது முன்பணமாகக் கருதப்படும்.'

"இது எதுக்கு?"

"எனக்குப் போட்ட பூட்டு. நான் ஆசைப்பட்டுப் பிரிச்சுப் பாத்துடுவேனாம். பிரிச்சா, அட்வான்ஸும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாதுன்னு விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாரு."

இரண்டு பெண்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போறேன் ஹெலன்," என்று எழுந்தாள் ஷஹீன் பானு. "சுத்தி அங்கதான் கெடக்குது. நான் எதையும் பாக்கல."

"உக்காருங்க ஆபா. பாத்துட்டே போங்க. ஒளிச்சு செய்யறதுக்கு எங்க வூட்டுல ஒருத்தர் போதும்."

அவள் டப்பாவை மேஜையில் குப்புற வைத்தாள். மடிப்புத் தட்டுகிற மாதிரி அளவாக, ஓரத்தில் ஒரே ஒரு தட்டு. எழுபதுக்கு எழுபது இரண்டாகப் பிளந்தது. பாங்கு சத்தம் கேட்டது.

ஹெலன் நாணயத்தை வெறும் கையால் எடுத்தாள். ராணியின் கன்னத்தில் கட்டைவிரலை வைத்து, தோலைத் தடவுகிற மாதிரி ஒரு தடவு தடவினாள். ரேகை பதிந்தது.

"ஃபர்ஸ்ட்தான் ஆபா. அவரு வந்து கேட்டா இதையே கையில குடுத்து அனுப்புங்க. இப்ப நம்பரைச் சொல்லுங்க."

ஷஹீன் பானு நம்பரைச் சொன்னாள். பணம் போய்ச் சேர்ந்தது. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தவள், வாசற்படியில் நின்றாள்.

"அந்தக் காயிதத்தைக் கிழிக்கறதுக்கு முன்ன பின்பக்கமும் படிச்சியா?"

ஹெலன் திருப்பினாள். 'பங்குதாரர்' என்று எழுதி ஒரு கையெழுத்து. முதல் எழுத்து 'ஜா'. அந்த 'ஜா'வுக்கு எப்படிச் சுழிப்பது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"நேத்து கூட வந்த உன் தம்பியை, பங்குக்கு இன்னா போட்டேன்னு கேட்டேன்," என்றாள் ஷஹீன் பானு. "ராணிப்பேட்டை வூட்டை அடகு வெச்சாச்சு, பணம் பதினஞ்சு நாள்ல வந்துடும்னான். உங்கப்பா வூடுதானே அது? அதுல பாதி உன்னுதில்ல? நீ கையெழுத்து போடாம எப்பிடி வெச்சான்?"

ஹெலனின் கட்டைவிரல் ராணியின் கன்னத்திலேயே நின்றுவிட்டது.